படிகார டப்பாவின் எடை

என் வீட்டுக்காரருக்குக் கடல் எதைத் துப்பினாலும் பொறுக்கிக்கொண்டு வரும் புத்தி உண்டு. இந்தத் தீவுகளில் பாதிப் பேருக்கு அந்தப் புத்தி இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். கரை ஒதுங்கியது கண்டெடுத்தவருக்குச் சொந்தம் என்பது இங்கே யாரும் எழுதி வைக்காத வழக்கம். பர்மா எழுத்துப் போட்ட பாட்டில், வலையிலிருந்து அறுந்த மிதவை, உப்பில் ஊறிய தேக்குக் கட்டை என்று மற்றவர்கள் உபயோகமானதாகப் பார்த்து எடுப்பார்கள். இவருக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. போர்ட் பிளேரில், மின்னி பே பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு வேலியில் ஒற்றைச் செருப்புகள் மட்டுமே முப்பதுக்கு மேல் தொங்கின.

"ஒத்தக் காலு உள்ளவங்களுக்குக் கடை போடப் போறீங்களா?" என்று கேட்பேன்.

"ஜோடி என்னைக்காச்சும் ஒதுங்கும் புள்ள" என்பார். ஒன்றுகூட ஜோடி சேர்ந்ததில்லை.

தீவுகளுக்கிடையே போகிற கப்பலில் அவருக்குக் கலாசி வேலை. கயிறு கட்டுவது, மேல்தளம் கழுவுவது, சாமான் இறக்குவது. தெற்குத் தீவுகளுக்குப் போனால் திரும்பி வர நாலைந்து நாளாகும். கப்பல் நிற்கிற இடத்திலெல்லாம் மற்ற கலாசிகள் சீட்டாடுவார்களாம், இவர் மட்டும் இறங்கிக் கரையோரமாக நடப்பார். திரும்பி வரும்போது பையில் எனக்கென்று ஏதாவது இருக்கும். நான் திட்டுவேன். திட்டுவதற்குள் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருப்பார். ஐந்து நாள் இல்லாத வீட்டில் அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டால்தான் எனக்கு அவர் வந்த மாதிரி இருக்கும். அதை அப்போது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

அவர் பிறந்தது தெற்கே கச்சால் தீவில். அப்பாவும் அம்மாவும் இலங்கை மலையில் கொழுந்து பறித்தவர்கள். அங்கிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, ரப்பர் பால் வெட்டுவதற்காக அந்தத் தீவில் குடியேற்றப்பட்டவர்கள். இவர் தம் வாழ்நாளில் ஒரு தேயிலைச் செடியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் தேயிலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் நுவரெலியாவில் பங்களா வைத்திருந்தவர் என்று நினைப்பீர்கள். அபர்டீன் பஜாரில் எந்தக் கடையில் டீ குடித்தாலும் முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்து, "இது தூளு இல்ல, தூசி" என்பார். அப்புறம் முழுக் கிளாசையும் குடிப்பார்.

அப்படிப்பட்ட மனுஷன் கண்ணில், ஒரு மழைக்காலத்தில், ஏதோ ஒரு தெற்குத் தீவின் கரையில் தேயிலைப் படம் போட்ட பாக்கெட் பட்டால் விட்டுவிட்டு வருவாரா?

பச்சையும் தங்க நிறமுமாக மின்னுகிற உறை. யாருக்கும் புரியாத எழுத்து. ஒரு மூலை கிழிந்து, கடல் தண்ணீர் உள்ளே புகுந்து, இருந்ததெல்லாம் கரைந்து போயிருந்தது. அடி மடிப்பில் மட்டும் வெள்ளையாகக் கட்டிகள் ஒட்டியிருந்தன. இரண்டு ஸ்பூன் இருக்கலாம்.

"தேயிலைய கடல் தின்னுருச்சு. ஈரம் இழுக்காம இருக்க அடியில படிகாரம் போட்டிருக்கான் பாரு. வெளிநாட்டுக்காரன் மூளையே மூளை" என்றார். "உன் தண்ணிக்கு ஆகும்னு எடுத்துட்டு வந்தேன்."

தண்ணீர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எங்கள் பக்கம் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். மழைக்காலத்தில் அது டீ நிறத்தில் வரும். நான் பஜாரில் பாய் கடையில் படிகாரக் கட்டி வாங்கி, இரும்பு உரலில் இடித்து, ஒரு வட்டத் தகர டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். ட்ரம் நிறைந்ததும் ஒரு சிட்டிகை தூவிக் கலக்கி மூடிவிட்டால் காலையில் அடியில் ஒரு காசைப் போட்டால்கூடத் தெரியும். பக்கத்து வீட்டு வங்காளி அக்கா தன் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என்னிடம்தான் ஒரு குடம் வாங்கிப் போவாள். அதனால் ஓசியில் வந்த கட்டியை வேண்டாமென்று சொல்ல மனசு வரவில்லை. டப்பாவில் இருந்த படிகாரத்தை உரலில் கொட்டி, இதையும் சேர்த்து இடித்து, நன்றாகக் கலந்து, மறுபடி டப்பாவில் போட்டு மூடினேன். மினுமினுப்பான உறையைக் கழுவி அலமாரித் தட்டில் விரித்தேன். இடித்தது என் கை. அதை இங்கே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சொல்ல வேண்டிய இடத்தில் அன்றைக்கு நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தண்ணீர் வருவதற்கு முன்னால் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. முதலில் இந்தியில், பிறகு வங்காளத்தில், பிறகு தமிழில். தேயிலை பாக்கெட் மாதிரி எது கரை ஒதுங்கினாலும் தொடாதீர்கள், உள்ளே இருப்பது போதைமருந்து, வைத்திருப்பவர்கள் போலீசில் ஒப்படையுங்கள் என்றார்கள். நான் காலி ட்ரம்மைக் கழுவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தண்ணீர் ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் அந்தச் சிட்டிகையைத் தூவியிருப்பேன், முதல் டம்ளரை என் மகள் குடித்திருப்பாள். அதை நினைத்ததும் ட்ரம்மை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

"என்னாங்க, இப்பவே போய்க் குடுத்துட்டு வாங்க" என்றேன்.

"நாளைக்குக் கப்பலு இருக்கே, வந்து குடுக்கறேனே" என்றார்.

"நாம என்ன திருடுனோமா? குடுத்துட்டு வாங்கன்னா."

அலமாரியிலிருந்து உறையை உருவி மடித்துப் பையில் வைத்தார். டப்பாவையும் கொண்டுபோகச் சொன்னது நான்தான். டீக்குத் தண்ணீர் வை, வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையை ஊரில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம். ஊதச் சொன்னவள் நான்.

ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்களாம். டப்பாவிலிருந்ததைக் காகிதத்தில் கொட்டி எடை போட்டார்கள். வெறும் டப்பாவைத் தனியாக நிறுத்து அதன் எடையைக் கழித்தார்கள். படிகாரத்தைக் கழிக்கவில்லை. அப்புறம் அவர்கள் கேட்டது, இதைக் கலந்தது யார். உரல் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத மனுஷன், "நான்தான் சாஹப்" என்று சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் வீட்டைப் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். போலீஸ்காரர் தோளுக்குப் பின்னால் நின்று அவர் வேண்டாமென்று தலையை ஆட்டினார். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது இரண்டாம் வகுப்பு. இரண்டு பேரும் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று அவர் சொல்லாமல் சொன்னது எனக்குப் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். டீக்கு வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரம் கரிந்து போயிருந்தது, அதை அவர்கள் போன பிறகுதான் பார்த்தேன்.

மெயின்லேண்டிலிருந்து வந்து இங்கே வக்கீல் தொழில் பார்க்கிற ஒரு தமிழ்ப் பெண் எங்கள் கேசை எடுத்துக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை மேடம் என்பேன். முதல் நாளே எனக்குச் சட்டத்தைப் பிரித்துச் சொன்னாள்.

"இந்த மருந்துல ஐம்பது கிராமுக்கு மேல போனா வியாபார அளவுன்னு அர்த்தம் அக்கா. உங்க டப்பாவுல அதுக்கு மேலயே இருந்திருக்கு. பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை. ஜாமீனும் லேசுல கிடைக்காது."

"அவர் கொண்டு வந்தது ரெண்டு ஸ்பூன் மேடம். மிச்சம் பூரா படிகாரம். பாய் கடையில கேளுங்க."

"முன்னால ஒரு காலத்துல கலவையில சுத்த மருந்து எவ்வளவுன்னு பார்த்து அதுக்குத்தான் கணக்கு வெச்சாங்க. இப்ப அப்படி இல்ல. எதோட கலந்திருந்தாலும் மொத்த எடைதான். உச்ச நீதிமன்றமே அதைச் சரின்னு சொல்லிருச்சு."

எனக்கு ஆத்திரம் வந்தது. பாலில் தண்ணீர் ஊற்றினால் பால்காரனைப் பிடித்துத் திட்டுகிறோம். இங்கே ஊற்றின தண்ணீரும் பாலாகிவிடுமா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"கலப்படம் பண்றவங்க மாவு, படிகாரம், சோடா உப்புன்னு எதையாவது சேர்த்து எடை கூட்டித்தானே விக்கிறாங்க. வாங்குறவன் உடம்புக்குள்ள போறது அந்தக் கலவைதான். அதான் முழுசையும் கணக்குல சேர்க்கிறாங்க" என்றாள். "பரிசோதனையில மருந்தே இல்ல, முழுக்கப் போலின்னு வந்தா இந்தச் சட்டம் நிக்காது. ஒரு துளி அசல் இருந்தாலும் அத்தனையும் அசலாயிரும்."

வெறும் கட்டியாக வைத்திருந்தால் நடுத்தர அளவு, ஜாமீனாவது கிடைத்திருக்கும் என்பதையும் நான் கேட்டுத்தான் சொன்னாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

மாதிரி மெயின்லேண்டுக்குப் பரிசோதனைக்குப் போனது. ரிப்போர்ட் வருகிற வரைக்கும் நான் வேண்டாத தெய்வமில்லை. ஊரில் எல்லோரும் வாங்கின சாமான் அசலாக இருக்க வேண்டுமென்று வேண்டுவார்கள். நான் மட்டும், கடவுளே, அந்தக் கட்டி போலியாக இருக்கட்டும், யாரோ ஒரு திருடன் இன்னொரு திருடனை ஏமாற்றியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த நாட்டுத் திருடர்களோ தெரியவில்லை, தொழிலில் நாணயமானவர்கள். ரிப்போர்ட்டில் அசல் என்று வந்தது. ஜாமீன் கேட்ட இரண்டு தடவையும் கிடைக்கவில்லை.

ஜெயிலில் பார்க்கப் போகும்போது நடுவில் கம்பி வலை. அவர் முதலில் கேட்பது, "தண்ணி வந்துச்சா?" வந்தது என்பேன். தெளிஞ்சுதா என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் துணியில் வடிகட்டிக் காய்ச்சித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். பாய் கடைக்குப் போனால் மற்ற சாமானெல்லாம் சொல்ல வரும், அந்த ஒரு பெயர் மட்டும் நாக்கில் வராது. ஒருநாள் பாய் நான் கேட்காமலே படிகாரக் கட்டி ஒன்றைக் காகிதத்தில் மடித்து என் பைக்குள் போட்டார்.

"தண்ணி என்ன பாவம் பண்ணிச்சு தங்கச்சி" என்றார். அங்கேயே நின்று அழுதேன். கடைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டுமே.

அவர் இல்லாத வீட்டில் எனக்குப் பெரிய விஷயங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. சுத்தியல் சத்தம்தான் நினைவுக்கு வந்தது. காலையில் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும்போது கடற்கரைப் பக்கமாகச் சுற்றி வர ஆரம்பித்தேன். ஒருநாள் மஞ்சள் மிதவை ஒன்று பாறை இடுக்கில் கிடந்தது. இதை அவர் பார்த்தால் விடமாட்டாரே என்று நினைத்தேன். எடுத்து வந்தேன். இன்னொரு நாள் பாட்டில். ஒரு சிவப்புச் செருப்பைக் கொண்டுவந்து வேலியில் இருந்த முப்பதோடும் ஒவ்வொன்றாக வைத்து ஜோடி பார்த்தேன். பைத்தியமா எனக்கு என்று அக்கம்பக்கம் நினைத்திருக்கும். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட பிறகும் இவளுக்குப் புத்தி வரவில்லையே என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அவர் வந்ததும் காட்ட வேண்டும், முகம் எப்படி மலரும் என்று நினைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கினேன். இரண்டு மழைக்காலம் அடுக்கினேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது அரசாங்க வக்கீல் ஒரே பிடியாகப் பிடித்தது அந்தக் கலவையைத்தான். விற்பவன்தான் படிகாரம் கலப்பான், எடை கூட்டத்தான் கலப்பான், இவர் கலந்ததே இவருக்கு எல்லாம் தெரியும் என்பதற்குச் சாட்சி என்றார். எங்கள் மேடம் அன்றைக்கு என்னைக் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போனாள்.

"எதுக்குக் கலந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லியாகணும் அக்கா. விலை தெரிஞ்ச எவனும் இதைக் குடிதண்ணி டப்பாவுல கொட்ட மாட்டான். உங்களுக்குப் பாதகமா இருக்குற அதே கலவைதான் உங்களைக் காப்பாத்தவும் செய்யும்."

"அவரே சொல்லட்டுமே."

"அவர்கிட்ட கேட்டுப் பார்த்தேன். ஒரு ட்ரம்முக்கு எவ்வளவு போடுவீங்கன்னா ஒரு கைப்பிடிங்கிறார். அந்தத் தண்ணிய யாராவது வாயில வைக்க முடியுமா? குறுக்கு விசாரணையில ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டார்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "உரல் யாருதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும் அக்கா. நீங்களா சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். சொன்னா உங்க மேலயும் கேஸ் வர வாய்ப்பிருக்கு. வராதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

அந்த வாரம் கம்பி வலைக்கு இந்தப்புறம் நின்று அவரிடம் சொன்னேன். அவர் என்னை அதட்டிப் பேசியது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

"வாயத் தொறந்தே, நான் உனக்குப் புருஷனே இல்ல."

"இப்ப மட்டும் என்னவாம்? கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கற புருஷன்" என்றேன்.

"பாப்பாவ நெனச்சியா?"

"பாப்பா ரெண்டு வருஷமா உங்களத்தான் நெனச்சுக்கிட்டிருக்கா."

நேரம் முடிந்தது என்று மணியடித்தார்கள்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். மகளை வங்காளி அக்காவிடம் விட்டுவிட்டு, நான் திரும்பி வராவிட்டால் அவளுக்கு என்னென்ன சாப்பிடப் பிடிக்கும் என்பதைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன். மேடம் கேட்டாள், நான் சொன்னேன். இடித்தது நான், என் உரலில், என் கையால். எதற்கென்று அரசாங்க வக்கீல் கேட்டார். மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீருக்கு என்றேன். எவ்வளவு போடுவாய் என்றார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன். இதற்கு மேல் போட்டால் துவர்க்கும், குறைத்தால் சேறு இறங்காது என்றேன்.

விற்பதற்காகக் கலக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"விக்கிறவன் மருந்துல கொஞ்சம் படிகாரம் போடுவான் சார். நான் ஒரு டப்பா படிகாரத்துல ரெண்டு ஸ்பூன் அதைப் போட்டேன். அதுக்கு விலை இருக்குன்னு தெரிஞ்சா நாசமாக்குவேனா?"

ஜட்ஜ் ஐயா மொழிபெயர்ப்பாளரை நிறுத்தச் சொல்லிவிட்டு, தாமே இந்தியில் என்னைக் கேட்டார். அந்தத் தண்ணீரை வீட்டில் யார் குடிப்பார்கள்?

"முதல் டம்ளரு என் பொண்ணுக்குத்தான்" என்றேன். ஜட்ஜ் ஐயா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

என் மேல் கேஸ் போடவில்லை. தீர்ப்பு ஒரு மாதம் கழித்து வந்தது. கலவையின் முழு எடையும் கணக்கில் சேரும், அதில் மாற்றமில்லை என்றுதான் அதில் எழுதியிருந்தது. ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஆனால் கையிலிருந்தது இன்னதென்று தெரியாமலே வைத்திருந்தார், தெரிந்த அன்றே தாமாகக் கொண்டுவந்து கொடுத்தார், குடிதண்ணீருக்கான டப்பாவில் கலந்திருந்ததே அவருக்குத் தெரியாது என்பதற்கு அத்தாட்சி என்று சொல்லி அவரை விட்டார்கள். இதற்குள் ஊரின் பெயரையே மாற்றியிருந்தார்கள். போர்ட் பிளேரில் உள்ளே போனவர் ஸ்ரீ விஜயபுரத்தில் வெளியே வந்தார். பஸ்ஸில் வரும்போது புதுப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் டீ போட்டுக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் குடித்தார். தூசி என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நாலாம் வகுப்புக்கு வந்துவிட்ட மகள் கொஞ்ச நேரம் கதவோரம் நின்று பார்த்துவிட்டு அவர் மடியில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் நான் கட்டிலுக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் பரப்பினேன். மிதவைகள், பாட்டில்கள், பாதி செதுக்கிய சிலை போல இருந்த ஒரு மரத்துண்டு, சிவப்புச் செருப்பு. சுத்தியலையும் ஆணியையும்கூடப் பக்கத்தில் வைத்தேன். அவர் எதையும் தொடவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதெல்லாம் எடுக்கும்போது யாராச்சும் பாத்தாங்களா?" என்று கேட்டார்.

இப்போது கப்பலில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தெற்குத் தீவுக்குப் போகிறார், ஐந்து நாளில் வருகிறார். பையில் அழுக்குத் துணி மட்டும்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடற்கரைக்கு நடக்கப் போவோம். போன வாரம் அலை ஒரு பச்சைக் கண்ணாடி மிதவையை உருட்டிக்கொண்டுவந்து சரியாக அவர் காலடியில் விட்டது. முன்பெல்லாம் அப்படி ஒன்று கிடைத்தால் குழந்தை மாதிரிக் குதிப்பார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"எடுங்களேன். கண்ணாடி உருண்டைதான். உள்ளே ஒண்ணுமில்ல" என்றேன்.

"வேணாம் புள்ள" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

நான் அதைக் குனிந்து எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தேன். அவரைக் கோர்ட்டில் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். எனக்கு வேலியெல்லாம் செருப்பு மாட்டுகிற அந்தக் குப்பைப் பொறுக்கி வேண்டும், அவரை யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நானே ஆணியடித்தேன். சுத்தியல் சத்தம் கேட்டு அவர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார், மெதுவாக அடி என்றார்.